வண்டி, டிராக்டர் பழுதுபார்க்கச் சிக்கனமாய் வாங்கத்தக்க ஆயுதங்கள்

தூத்துக்குடிக் கரையோரச் சம்சாரிகளின் கவனத்திற்கு

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி இரவும் மறுநாளும் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழை அப்பக்கத்துக் கிழவர்களும் கண்டறியாத மழையாகும். 18-ந் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் விழுந்த மழை, ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்வதைக் காட்டிலும் அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, நெல் வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் வெள்ளம் நின்றது.

நீர் வடிந்த பிறகு நேரக்கூடிய நஷ்டம் வேறொரு வகையானது. தொழுவத்திலும் முற்றத்திலும் நிற்கும் டிராக்டர், மோட்டார் சைக்கிள், சிறு லாரி ஆகியவை வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், நீர் இறங்கியதும் அவை ஓடுகின்றனவா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் தீங்கு விளைவது அங்கேதான். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலேற முயன்றால் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் முறிந்து எஞ்சின் கூட்டையே உடைத்துவிடும். எண்ணெய்ச் செலவோடு போயிருக்க வேண்டியது எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டும் செலவாக முடியும்.

செய்யத்தக்க முறை அவ்வளவு கடினமானதன்று. முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினாயின் ஸ்பார்க் பிளக்கையும், டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் உள்ளே நின்ற நீர் அத்துளை வழியாக வெளிப்படும். பின்னர் அடிப்புறத்து வடிகால் திருகைத் திறந்து எண்ணெயை இறக்க வேண்டும். அது மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறதென்று அறியலாம். எண்ணெய் வடிகட்டியை மாற்றி, எரிபொருள் டாங்கியையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் காலி செய்து, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தோ மாற்றியோ, புதிய எண்ணெய் விட்ட பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். சிறிது நேரம் ஓடியதும் அந்த எண்ணெயையும் இறக்கிவிட்டு மீண்டும் புதிது விடுவது நலம். இன்ஜெக்டரைக் கழற்றிப் பழகாதவர் அதனை மெக்கானிக்கைக் கொண்டு செய்வித்துக் கொள்ளட்டும். அவர் வரும் வரையில் சாவியைத் தொடாதிருப்பதும், எண்ணெயையும் டீசலையும் இறக்கி வைப்பதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவையே.

இவ்வளவுக்கும் வேண்டியவை இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு பிளக் ஸ்பானர், வடிகட்டியைப் பற்றித் திருகும் பட்டை, ஒரு திருப்புளி, ஒரு குறடு, எண்ணெய் பிடிக்க ஓர் அகன்ற பாத்திரம். ஒரு பிர்க்கா முழுவதும் வண்டிகள் ஒரே நாளில் மூழ்கிவிட்டால், பட்டறைக்காரர் எத்தனை வீடுகளுக்குத்தான் வர முடியும்? அவர் வருவதற்குள் சிலிண்டர்ச் சுவரில் துரு பிடித்து, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளத்தில் வந்தது உப்பு நீராயின் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இத்தகைய வெள்ளம் அபூர்வமாய் வருவதே. ஆனால் வருஷந்தோறும் வரும் நெருக்கடி ஒன்று உண்டு. விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நிலம் உழவுக்கும் விதைப்புக்கும் இடங்கொடுக்கும் நாட்கள் சிலவே. மழைக்கு முன் நிலம் பாறைபோல் இருக்கும். மழை விழுந்த பின் சக்கரத்தில் பிசின்போல் ஒட்டும். இடைப்பட்ட பதத்தில் டிராக்டர் நின்றுபோனால், பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் பின்தங்கி விதைக்கப்பட்டு, மார்கழிக்குப் பின் ஈரம் போதாமல் வாடும். டிராக்டர் அவ்வாறு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும். டீசல் வடிகட்டி அடைத்திருக்கும். குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பாட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். விசிறிப் பட்டை தளர்ந்திருக்கும். இவற்றுள் ஒவ்வொன்றும் சரியான ஆயுதம் கையிலிருந்தால் அரைமணி வேலை. ஆயுதம் இல்லாத வீட்டில் அது இரண்டு நாள் வேலை. மெக்கானிக்கின் கூலியைவிட அந்த இரண்டு நாட்களின் மதிப்பே அதிகம்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

ஆயுதம் வாங்குமுன் இந்த எல்லையை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுதல், கிரீஸ் வைத்தல், டீசல் குழாயில் காற்று நீக்குதல், பாட்டரியைக் கவனித்தல், பட்டையை இழுத்துக் கட்டுதல், சக்கரம் கழற்றிப் பஞ்சர் ஒட்டுதல், மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் பிரேக்கையும் சரிப்படுத்துதல் ஆகியவை வீட்டில் செய்யத்தக்கவை. எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ பிரிப்பதும், டீசல் பம்பைத் திறப்பதும், கிளச்சுக்காக டிராக்டரை இரண்டாகப் பிளப்பதும் பட்டறைக்கு உரியவை. 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கப்படும் பி.எஸ். 6 தர மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் எரிபொருள் அளவை மின்னணுக் கருவியே நிர்ணயிப்பதால், அவற்றின் எஞ்சின் கோளாறைக் கண்டறியும் சாதனத்துக்காகப் பணம் செலவிடுவது ஒரு வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பிரயோஜனப்படாது. மின்சார வண்டிகளின் பெரிய பாட்டரிப் பெட்டியை வீட்டில் எவரும் திறக்கலாகாது.

இவ்வெல்லைக்குள் நின்றால் ஆயுதச் செலவு பயமுறுத்துவதன்று. ஜாக்கியும் அதன் தாங்கிகளும் நீங்கலாக, கடைக்குக் கடை சற்றே வேறுபடினும், ஏறக்குறைய நாலாயிரம் ரூபாயில் ஒரு நல்ல பெட்டி சேர்ந்துவிடும். அத்தொகையை ஒரே நாளில் செலவிட வேண்டுவதுமில்லை. கடைகளிலும் இணையத்திலும் நூறு துண்டு, நூற்றைம்பது துண்டு என்று பளபளக்கும் பெட்டிகள் மலிவாய் விற்கப்படுகின்றன. அவற்றில் பாதி ஒருநாளும் கையில் எடுக்கப்படாதவை. மீதிப் பாதி எடுத்த முதல் நாளே வளைபவை. வீட்டு வண்டியின் திருகுகளை அளந்து பார்த்து அவற்றுக்கு வேண்டியதை மட்டும் ஒன்றிரண்டாய் வாங்குவதே சிக்கனம். ஒரு காகிதத்தில் எந்த இடத்துத் திருகுக்கு எந்த அளவு என்று எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தால், இருட்டில் வயலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

ஸ்பானர் தேர்வு

மலிவு எந்த ஆயுதத்தில் அதிகக் கெடுதி செய்கிறதென்றால், அது ஸ்பானரில்தான். மெல்லிய இரும்பில் வார்த்த ஸ்பானர் இறுகிய திருகில் மாட்டி இழுத்ததும் வாய் விரியும். அது நழுவும்போது திருகின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடும். மூலை மழுங்கிய திருகை எடுக்கப் பின்னர் உளியும் வெல்டிங்கும் வேண்டியிருக்கும். எண்ணெய் மாற்றும் சாதாரண வேலை எண்ணெய்த் தொட்டியையே மாற்றும் வேலையாகும். நழுவிய கை போய் இடிப்பதால் விரல்முட்டி உடைவது தனி.

ஆகையால் ஸ்பானரில் நடுத்தர விலைக்குக் கீழே இறங்கலாகாது. ஜலந்தர், லூதியானா, நாகௌர் முதலிய ஊர்களிலும் பிற இடங்களிலும் நம் நாட்டிலேயே செய்யப்படும் குரோம்–வெனேடியம் எஃகு ஸ்பானர்கள் சம்சாரிகளின் தேவைக்கு முற்றும் போதுமானவை. எட்டு ஸ்பானர் கொண்ட ஒரு கட்டு ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். வாய் திறந்த ஸ்பானருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2028, வளைய ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029. இவ்வெண்களும் செய்தவர் பெயரும் உலோகத்திலேயே அடித்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒட்டுக் காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பலாகாது.

ஒரே ஒரு கட்டுதான் வாங்க முடியுமென்றால் வளைய ஸ்பானர்க் கட்டையே வாங்குவது நலம். வாய் திறந்தது திருகின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். வளையம் ஆறு மூலைகளையும் பற்றுவதால் நழுவுவது அரிது. குழாய்களின் இணைப்புத் திருகுகளுக்கு வளையம் நுழையாது. அதற்காக 14, 17, 19 அளவுகளில் மட்டும் வாய் திறந்த ஸ்பானர் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகளே வருகின்றன. டிராக்டருக்கு 13, 19, 22, 24 ஆகியவையும் வேண்டும்.

பழைய டிராக்டர்களிலும் பழைய பம்பு எஞ்சின்களிலும் அங்குல அளவுத் திருகுகள் இருப்பதுண்டு. இங்கே கவனம் மிகவும் அவசியம். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர் ஆதலால் 19 மில்லிமீட்டர் ஸ்பானர் அநேகமாய் அதற்குப் பொருந்தும். அரை அங்குலமோ 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் தளர்வாய் ஆடி மூலையை மழுக்கும். ஒன்பது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் 14.29 மில்லிமீட்டர், அதில் 14 நுழையாது, 15 சுழலும். அத்தகைய யந்திரம் வைத்திருப்போர் அரை அங்குலத்துக்கும் ஒன்பது பதினாறுக்கும் உரிய இரண்டு ஸ்பானரையாவது தனியே வாங்குவது நியாயம். எல்லா அளவுக்கும் திருப்பிக்கொள்ளும் ஸ்பானர் ஒன்றிருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். அது கலப்பைத் திருகுக்கும் குழாய்க்கும் உதவும். எஞ்சினுக்கு அதனைக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது.

கடைக்குப் போகும்போது 13, 17 அளவுகளில் இரண்டு புதுத் திருகுகளைச் சட்டைப் பையில் கொண்டுபோனால் ஸ்பானரை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். மாட்டி ஆட்டினால் மிகச் சிறிதே அசைய வேண்டும். வளையத்தின் உட்புறம் பிசிறின்றி இருக்க வேண்டும். மேற்பூச்சு எங்கேனும் கொப்பளித்திருந்தால் உப்புக் காற்றுக்கு அது ஒரு பருவமும் தாங்காது.

துறைமுக ஊரில் பழைய இரும்புக் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய ஆயுதம் என்பதற்காக ஒதுக்க வேண்டுவதில்லை. கனத்த பழைய ஸ்பானர், மலிந்த புது ஸ்பானரைவிடப் பல மடங்கு மேலானது. வாய் விரிந்திருக்கிறதா, எங்கேனும் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறதா, தலையில் கீறல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்கலாம். பழைய சுத்தியலும் உளியும் வாங்கினால் தலை காளான்போல் விரிந்திருக்கிறதா என்று கவனிக்க. விரிந்திருந்தால் அதனைத் தேய்த்து அகற்றிய பிறகே உபயோகிக்க வேண்டும், ஏனெனில் அதிலிருந்து தெறிக்கும் துண்டு கண்ணைப் போக்கும். பழைய ஜாக்கியை மட்டும் எவ்விலைக்கும் வாங்கலாகாது.

மலிவாய் வாங்கினாலும் குற்றமில்லாதவை

புனல், எண்ணெய்ப் பாத்திரம், கம்பித் தூரிகை, டயர் நெம்புகோல், பஞ்சர்ச் சாமான், உப்புத்தாள் ஆகியவற்றில் விலையைப் பார்த்தே வாங்கலாம். சுத்தியலில் கைப்பிடியே முக்கியம். மர நரம்பு நீளவாட்டில் ஓடுகிறதா, தலையில் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கைப்பிடியை ஊர்த் தச்சரே நல்ல மரத்தில் மாற்றிக்கொடுப்பார்.

கிரீஸ் துப்பாக்கி அவசியமானது. டிராக்டரின் முன்னச்சு, ரொட்டவேட்டர் முதலியவற்றின் ஆயுள் அதைப் பொறுத்தது. குறட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மூடினால் இரு தாடைகளுக்கும் இடையே ஒளி தெரியலாகாது. திருப்புளி நட்சத்திர முனையில் இரண்டு, தட்டை முனையில் இரண்டு என்று நான்கு போதும்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாயில் கிடைப்பதே போதுமானது. எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பின் 12 வோல்ட் பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாயிருக்கிறது, 12.2 காட்டினால் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் உடனே மின்னூட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதென்று பொருள். இதை அறிந்தவர், ஆல்டர்னேட்டரின் பழுதுக்காகப் புது பாட்டரி வாங்கி ஏமாற மாட்டார். ஆனால் இந்த மலிவுக் கருவியைக் கிணற்று மோட்டாரின் மும்முனை மின்சாரத்தில் நுழைப்பது உயிரோடு விளையாடுவதாகும்; தரமற்ற மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும்.

ஜாக்கி

சிக்கனத்தை முற்றும் மறக்க வேண்டிய இடம் இது ஒன்றே. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு உரியது. தூக்கியதைத் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் ஒரு ரப்பர் வளையத்தால் மட்டுமே தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அது நைந்தால் வண்டி எச்சரிக்கையின்றி இறங்கும். அடியில் படுத்திருப்பவருக்கு விலகிக்கொள்ள அவகாசம் இராது.

தூக்கிய வண்டியின் கீழ்க் கையையோ தலையையோ நுழைக்குமுன், அதன் அச்சு இரண்டு எஃகு ஸ்டாண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை அநேகமாய் ஜாக்கியின் விலைக்குச் சற்றுக் கூடவே இருக்கும். அதனால்தான் பலர் ஜாக்கியை வாங்கி ஸ்டாண்டை வாங்காது விடுகிறார்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் அடுக்குவது வழக்கமாயிருக்கிறது. கல் அழுத்தத்தை ஓரளவு தாங்கும். ஒரு பக்கம் சாய்ந்து விழும் பாரத்தில் பொடியாய் நொறுங்கும். பனந்துண்டும் தென்னந்துண்டும் உருளும்; பனையின் வெளி வைரம் எவ்வளவு உறுதியாயினும் உட்சோறு மெத்தென்றிருப்பதால் நடுவில் அமுங்கவும் கூடும். கையில் பணமில்லாதபோது செய்யத்தக்கது ஒன்றுண்டு. சதுரமாய் அறுத்த கடின மரக் கட்டைகளை இரண்டிரண்டாய்க் குறுக்கும் நெடுக்குமாக அகன்ற அடித்தளத்தோடு அடுக்கித் தாங்கல் கொடுக்கலாம். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் கீழே படுக்கவைத்துவிட்டால் அது இன்னொரு காப்பாகும்.

டிராக்டரின் எடை இரண்டு டன் அளவாயினும் ஐந்து டன் ஜாக்கி வாங்குவது மிகையாகாது; அதன் அடித்தட்டு அகலமாயும் நிலையாயும் இருக்கும். கரிசலிலும் தேரி மணலிலும் ஜாக்கியை வெறுந்தரையில் வைத்தால் அது பூமிக்குள் இறங்கும். ஒரு சாண் அகலமுள்ள கனத்த பலகையை எப்போதும் டிராக்டரிலேயே கட்டி வைத்திருப்பது நலம். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்காமல் தூக்கலாகாது.

முறுக்கை அளக்க வில்தராசு

திருகை எவ்வளவு இறுக்குவது என்பதில் தவறுவோர் அநேகர். தளர்வாயிருந்தால் சக்கரம் ஆடும். மிகையாய் இறுக்கினால் மரை உரியும். இதை அளக்கும் டார்க் ரெஞ்சு விலை உயர்ந்தது. மலிவானதோ பொய் அளவு காட்டும். பருத்தியும் மிளகாயும் நிறுக்கும் வில்தராசோ, கொக்கியுள்ள மின்னணுத் தராசோ பெரும்பாலான சம்சாரி வீடுகளில் உண்டு. ஸ்பானரின் கைப்பிடியில் குழாய் செருகி நீட்டி, திருகின் நடுவிலிருந்து சரியாக அரை மீட்டர் தூரத்தில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். தராசு 20 கிலோ காட்டும்போது முறுக்கு 10 கிலோகிராம்-மீட்டர். அதாவது புத்தகங்களில் நியூட்டன்-மீட்டரில் குறிக்கும் கணக்கில் ஏறக்குறைய 98. பல கார்களின் சக்கரத் திருகுக்கு வேண்டுவது இவ்வளவை ஒட்டியதே. டிராக்டரின் பின்சக்கரத்துக்கு இதைவிட மிக அதிகம் வேண்டும். வண்டியோடு கொடுக்கப்படும் புத்தகத்தில் ஒவ்வொரு திருகுக்கும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அப்புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாமல் ஆயுதப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

உப்புக் காற்று

மற்ற ஜில்லாக்களில் ஆயுதம் வாங்குவதோடு வேலை முடிந்தது. வேம்பார், தருவைக்குளம் தொடங்கிப் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை வரையுள்ள இக்கரையில் வாங்கிய பிறகே வேலை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலில் தூத்துக்குடி முதன்மையானது; உப்பளங்களுக்கு ஏற்ற வெயிலும் காற்றுமே இரும்புக்குச் சத்துருவாகவும் இருக்கின்றன.

உப்பு தானே இரும்பைத் தின்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக நிறுத்துவதே அது செய்யும் கெடுதி. சுத்தமான சோற்றுப்பு காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டியபோதுதான் இளகத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதில் பாதிக்கும் குறைந்த ஈரத்திலேயே நீர் கசியும். கையில் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் ஸ்பானரும் கடற்காற்று வீசும் வீட்டில் உண்மையில் உலர்ந்திருப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. உள்நாட்டு ஊரில் மேற்பூச்சு பல வருஷம் தாங்கும் ஆயுதம் இங்கே சில மாதத்தில் புள்ளி புள்ளியாய்த் துருப்பிடிப்பதும் இதனால்தான். 1948-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் அழியும் விதத்தை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு கிளையை வைத்திருப்பதிலிருந்து இவ்விஷயத்தின் முக்கியத்துவத்தை உணரலாம்.

இதில் சம்சாரிகள் கடல் தொழிலாளரிடம் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு. முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்றுபோன இக்கரையில், இன்று மீன்பிடிக்கச் செல்லும் படகுகள் யந்திரத்தால் ஓடுகின்றன. கவனமுள்ள படகுக்காரர் கரை வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே வீட்டுக்குப் போவார். உப்பைத் துடைத்தால் போகாது. கரைத்தே போக்க வேண்டும். ஆயுதங்களுக்கும் இதுவே முறை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயிலில் அல்லது அடுப்படிச் சூட்டில் நன்கு உலர்த்தி, புதிய எஞ்சின் எண்ணெய் தோய்த்த துணியால் மெல்லப் பூச வேண்டும். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைப் பூசுவது தவறு. அதில் அமிலம் சேர்ந்திருப்பதால் துருவைத் தடுப்பதற்குப் பதில் வளர்க்கும், தோலுக்கும் நஞ்சாகும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும்.

தகரப் பெட்டியைவிடப் பிளாஸ்டிக் பெட்டியோ மரப் பெட்டியோ மேலானது. அதற்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டி சிலவற்றைத் தடித்த துணியில் முடிந்து வைத்தால், பெட்டிக்குள் உள்ள ஈரத்தை அது உறிஞ்சும். கட்டி பொடியாய் உதிர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு நேராக உலோகத்தில் படலாகாது. குழந்தைகள் எடுக்கும் இடத்திலும் இருக்கலாகாது. பெட்டியைக் கடலை நோக்கிய சுவரோரம் வைக்காமல் வீட்டின் உள்ளறையில் தரையைவிட்டு உயர்த்தி வைப்பது நலம். உரமூட்டைக்கு அருகில் ஒருபோதும் வைக்கலாகாது. பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்பே.

முன்னரே துருப்பிடித்த ஆயுதங்களை எறிந்துவிட வேண்டுவதில்லை. காடியில் ஓரிரவு ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, உலர்த்தி எண்ணெய் பூசினால் பெரும்பாலும் மீண்டுவிடும். கக்கூசு கழுவும் அமிலத்தில் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது துருவோடு எஃகையும் தின்பதன்றி, கடினமான எஃகை எளிதில் உடையும்படி செய்துவிடும்.

கிராமத்துக்குப் பொதுவாக

சில ஆயுதங்கள் வருஷத்தில் இரண்டு நாளே வேண்டியவை. பெரிய ஜாக்கி, 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சாக்கெட்டுகள், பேரிங் இழுப்பான், மின்னூட்டக் கருவி, நம்பத்தக்க டார்க் ரெஞ்சு ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்குவது வீண். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ அவற்றை ஒரு கட்டாக வாங்கிச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். இதில் கிராம அதிகாரிகளின் ஊக்கம் மிகவும் உதவும். ஆயுதம் இரவலாகப் போனால் திரும்புவதில்லை என்பது உண்மையான குறைதான். ஒரு பலகையில் ஒவ்வோர் ஆயுதத்தின் வடிவத்தையும் வர்ணத்தில் வரைந்து அதன்மேல் மாட்டி, எடுத்தவர் பெயரை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், எது இல்லை, யாரிடம் இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எண்ணெய் மாற்றும் வேலை வீடுகளில் பெருகும்போது, இறக்கிய எண்ணெயைக் கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டும் அபாயமும் பெருகும். ஒரு டிராக்டரிலிருந்து ஒரு முறைக்கு ஏழெட்டு லிட்டர் இறங்குவதுண்டு. சங்கத்தின் வாசலில் மூடியுள்ள ஒரு பீப்பாயை வைத்து அதில் சேர்க்கச் செய்து, நிறைந்ததும் பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவரிடம் கொடுத்துவிடலாம். அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகையால் பீப்பாயின் சாவி ஒருவரிடமே இருப்பது நல்லது.